பங்கரில் இருமியவன்

இருமலோடு இரத்தம் வந்த காலையில் எங்கள் வீட்டில் ஒருவரும் பதறவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சில மாதங்களுக்கு முன் கடலில் கடற்படையின் ரோந்துப் படகில் வந்தவர்கள் என் வள்ளத்தை மறித்து, துவக்குப் பிடியால் (துப்பாக்கிக் கட்டை) நெஞ்சில் இடித்தார்கள். விழுந்த பிறகு சப்பாத்துக் காலால் மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

‘உள்காயம்’ என்றது எங்கள் ஊர் குருநகர் முழுவதும். மனைவி பிலோமினா நல்லெண்ணெயில் பச்சை முட்டை அடித்துத் தந்தாள். மிடறுக்கு மிடறு அடித்தவனைத் திட்டியபடி குடித்தேன். மாலையில் காய்ச்சல் வந்தது. இரவு வியர்வையில் பாய் நனைந்தது. சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தேன். எல்லாவற்றையும் அந்தச் சப்பாத்தின் கணக்கிலேயே எழுதினோம்.

பொம்மர் (குண்டுபோடும் விமானம்) வந்தால் பங்கருக்குள் (பதுங்குகுழி) நுழைவோம். பனங்குற்றிக் கூரை, மண்மூட்டை, ஒரே வாசல். மகள் றெஜினாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் தலைக்கு மேல் இருமுவேன்.

ஆஸ்பத்திரியில், காலையில் எடுத்த என் சளியைச் சோதித்தார்கள் (உருப்பெருக்கியில் கிருமியைத் தேடுவது).

“விலா எப்பவோ பொருந்தீட்டுது. உது அடியாலை வந்த இரத்தமில்லை. காசநோய்,” என்றார் மருத்துவர். (ஊரில் சயம் என்பார்கள், நுரையீரலை அரிக்கும் கிருமிநோய்.)

“இல்லை டொக்டர், அவங்கள் அடிச்சதுதான்,” என்று கத்தினேன். கிருமியை எப்படித் திட்டுவது?

“அடிச்சதும் உண்மை, கிருமியும் உண்மை. இருமேக்கை காத்திலை பரவும். காத்தோட்டமில்லாத இடத்திலை பக்கத்திலை இருக்கிறவைக்குத் தொத்தும்.”

பங்கரைப் பற்றிச் சொன்னேன். “பிள்ளைக்கு எத்தினை வயசு?” என்றார்.

பிலோமினா என் கோப்பையைத் தனியே வைத்தாள். சாப்பிடும் கோப்பையால் தொற்றாது, மூச்சுக் காற்றால்தான் தொற்றும். கிழமைக்கணக்கில் (வாரக்கணக்கில்) இருமல் விடாவிட்டால், காரணம் தெரியும் என்று நீங்கள் நினைத்தாலும் சளியைக் காட்டுங்கள்.

நான் கிட்ட வந்தால் மூச்சைப் பிடிக்கும்படி மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்தமுறை பொம்மர் வந்தபோது வெளியே மதிலோரம் குப்புறப் படுத்தேன். பிலோமினா ஓடிவந்து கையை இழுத்தாள்.

“இஞ்சேருங்கோ, உள்ளை வாங்கோ. சாகப் போறியளே?”

“நான் வந்தால் பிள்ளை செத்துப்போகும். நீ போ.”

அவளைக் காலால் உதைத்துத் தள்ளினேன். பக்கத்து ஒழுங்கையில் (சந்து) குண்டு விழுந்தது. மதில் சரிந்து முதுகில் கொட்டியது, ஓட்டுத் துண்டொன்று தோளைக் கிழித்தது. அப்போதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமினேன்.

ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகள் (மாத்திரைகள்) வேலை செய்தன. இனித் தொற்றாது, ஆனால் முழுக்காலமும் விழுங்க வேண்டும் என்றார் மருத்துவர். றெஜினாவின் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள் (கிருமி உடம்பில் புகுந்ததா என்று தோலில் அறியும் சோதனை). கிருமி புகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருந்து அழுதேன்.

ஒரு பக்க நுரையீரல் இன்று வெறும் தழும்பு. கொஞ்சம் நடந்தாலும் நின்று மூச்சு வாங்க வேண்டும். அப்படி நிற்கும்போதெல்லாம் நினைவில் ஒரே பகலுக்குத்தான் திரும்புகிறேன்.

சுகமான பிறகு பொம்மர் வந்த முதற் பகல் அது. பங்கருக்குள் போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். குண்டுகள் விழுந்தன, கூரை மண் கொட்டியது. அவள் வாயை இறுக மூடியிருந்தாள். கண் பிதுங்கி, முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பயம் என்றே முதலில் நினைத்தேன்.

“மூச்சை விடு பிள்ளை. அப்பாவுக்குச் சுகம் வந்திட்டுது.”

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

நான் எழுந்து வெளியே போனேன். பின்னால் அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.