பச்சை அடித்த மனை

செம்பூரில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. அதற்கு நேர் எதிரே, தரைத்தளத்தில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். வீடு கட்டும்போது பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மாட்டுங்காவை விட்டு வந்தது. அந்த அறையின் சுவர் மழைக்காலம் முழுக்க ஊறிக் கிடக்கும். மூன்று வயது மகளுக்கு ஜூன் மாதம் வந்தால் மூச்சிழுப்பு. ஈரமில்லாத, காற்றோட்டமான அறையில் படுக்க வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கட்டாத வீட்டில் அவள் அறைக்கு இரண்டு ஜன்னல்கள் எந்தப் பக்கம் என்பதுவரை நான் முடிவு செய்திருந்தேன்.

என் கணவர் மனையைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார். தெருக் குழந்தைகள் லாரி போகும் சாலையில் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பயம். ஒரு மூலையில் கம்பியை விலக்கி வழி விட்டது நான்தான். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டதும் நான்தான். கொத்தனார் அளவெடுத்து அடித்த முளைகள் கிரிக்கெட் ஸ்டம்புகளாயின.

ஒரு நாள் பகலில் முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் வரைபடச் சுருளோடு வந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இங்கே தினமும் குழந்தைகள் விளையாடுகிறார்களா என்று இந்தியில் விசாரித்தார்.

"ஹாங் ஜி, ரோஜ் கேல்தே ஹைங்" என்றேன், ஆமாம், தினமும்தான் விளையாடுகிறார்கள் என்று.

பள்ளியில் படித்த இந்தி பிசகாமல் வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. மனை எங்களுடையது என்று சொல்லத் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டு போனார். சாயங்காலம் கணவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அடுத்த வருஷம், நகரத் திட்டத்தின் வரைபடத்தை வார்டு ஆபீசில் பார்க்கலாம் என்று பேப்பரில் வந்தது. இருவரும் போனோம். எங்கள் மனைக்குப் பச்சை அடித்திருந்தது. விளையாட்டு மைதானத்துக்கு ஒதுக்கீடு. மேஜைக்குப் பின்னாலிருந்தவர் தமிழர், பொறுமையாகவே பேசினார்.

"நெலம் உங்களதுதான் சார். யாரும் இல்லேன்னு சொல்லல. கட்டறதுக்கு மட்டும் பெர்மிஷன் கிடைக்காது."

"அப்போ நீங்க எப்போ எடுத்துப்பேள்?"

"ஃபண்ட் வரணும். வருமான்னு என்னைக் கேட்டா?"

ஆட்சேபணை மனுவை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த இடத்தில் எந்தக் காலத்திலும் யாரும் விளையாடியதில்லை என்று கணவர் சொல்லச் சொல்லப் பேனா நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு எழுதி முடித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நேரில் பார்க்க அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. கணவர் கம்பியை இழுத்துக் கட்டினார், முளைகளைப் பிடுங்கினார். குழந்தைகளைத் திருப்பி அனுப்புவது என் வேலையாயிற்று. பக்கத்து வீட்டுச் சிறுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமி, நீங்கதானே உள்ளே போய் விளையாடச் சொன்னேள்?" நல்லவேளை, கணவர் தள்ளி நின்றார். பிறகு அதையே நல்லவேளை என்று நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

அதிகாரி வந்தபோது ஒரு குழந்தையும் இல்லை. ஆனால் ஓரமெல்லாம் காய்ந்த புல் நிற்க, நடுவில் மட்டும் மண் சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடந்தது. அதை ஏன் நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை? அவர் ஷூ நுனியால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

மனு தள்ளுபடியாயிற்று. அந்த வரைபடத்தில் வேறு பல மனைகளும் பச்சையாகத்தான் இருந்தன. அங்கெல்லாம் எந்தப் பெண் வாயைத் திறந்தாள் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். நான் சொல்லும் முன்பே யாரோ கோடு போட்டிருக்கலாம். போடாமலும் இருந்திருக்கலாம். கணவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த ஜூனிலும் மகளுக்கு இழுப்பு வந்தது. கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று கதவைத் திறந்து, அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே, இறுக்கிக் கட்டிய கம்பிக்குள், மழையில் புல் நன்றாக வளர்ந்து நடுவையும் மூடியிருந்தது.