மாமா கழற்றிய பட்டை

ஸ்வீடனில் பக்கத்து வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தாலும் யாரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பதில்லை. வந்த புதிதில் எனக்கு அது பெரிய நாகரிகமாகத் தெரிந்தது. இப்போது எரிச்சலாக இருக்கிறது. என் வேலையும் அப்படித்தான். தாளம் தப்பித் துடிக்கும் இதயங்களைக் கண்டுபிடித்து, எவ்வளவு நேரம் தப்பியது என்று அளக்கும் ஆராய்ச்சி மென்பொருள் எழுதுகிறேன். அங்கே எந்த இதயத்துக்கும் பெயர் கிடையாது, எண்தான்.

போன விடுமுறையில் சோதனைக்காக ஒரு நெஞ்சுப்பட்டையைத் திருப்பாதிரிப்புலியூருக்கு எடுத்துப்போய் அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்கு மாட்டிவிட்டேன். கழற்றவே கூடாது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். பட்டை அனுப்பும் துடிப்பு உடனுக்குடன் என் திரையில் ஓடும். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. திடீரென்று ஒரு நாள் கோடுகள் கன்னாபின்னாவென்று சிதறின. உடன் வேலை செய்யும் ஏரிக் எட்டிப் பார்த்து, "ஃபின்ட்!" என்றான். அருமை என்று அர்த்தம். இது என் மாமா என்றேன். என் கண் கலங்கியதைப் பார்த்து ஆனந்தம் என்று நினைத்தானோ என்னவோ, கைகுலுக்கினான்.

உடனே மாமாவை டாக்டரிடம் விரட்டினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"லீவு போட்டு அலைஞ்சதுதான் மிச்சம் மச்சான். உன் மிஷினுக்குத்தான் மொதல்ல வைத்தியம் பாக்கணும்" என்றார் மாமா.

மென்பொருளை வரி வரியாகத் துருவினேன். பிழை எதுவும் அகப்படவில்லை. அலுவலகத்திலிருந்தே மறுபடி போன் போட்டு, பட்டையைக் கழற்றினீர்களா என்று கேட்டேன்.

"சிதம்பரம் கோயிலுக்குப் போனோம்ல. சட்டையக் கழட்டணும், எல்லாரும் அதையே பாப்பாங்கன்னு உங்க அக்காகிட்ட குடுத்துட்டேன். டாக்டர்கிட்ட போன்னு நீ சொன்னப்ப, நான் கட்டியிருந்த நாளப் பத்திதான் சொல்றேன்னு நெனச்சேன்."

அக்கா குறுக்கிட்டாள். "துடிப்பு வர்றது நின்னுபோச்சுன்னா உன் வேலை கெட்டுடுமேன்னு நான் கட்டிக்கிட்டேன்டா. இன்னும் கழட்டல."

கோடுகள் சிதறிய நாளிலிருந்து நான் பார்த்தது அக்காவின் இதயம்.

"அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"எனக்கென்னடா, படியேறுனா கொஞ்சம் படபடன்னு வரும். அவ்ளோதான்."

"ஒருவாட்டி அலைஞ்சது போதாதா மச்சான்?" பின்னாலிருந்து மாமா சிரித்தார். கெஞ்சினேன், திட்டினேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள் அக்கா. மழை தூறுகிறது, மாடியில் துணி காய்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

திரையில் துடிப்பு ஏறத் தொடங்கியது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்தன. "ஏறாத அக்கா!" என்று கத்தினேன்.

ஏரிக் மட்டும் திரும்பிப் பார்த்தான்.