பிள்ளையாருக்காகத் திருப்பிய அம்புக்குறிகள்

எங்கள் கல்லூரியில் டிஸ்க் கோல்ஃபுக்கு இடம் அமைத்தவர் வெளியூரிலிருந்து வந்த பி.டி. மாஸ்டர். தட்டை வீசி ஒவ்வொரு கம்பிக் கூடையாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது கூடையை அவர் கேன்டீன் குழாயடியில் நட்டார், ஐந்தாவதை முதல்வர் அறை ஜன்னலுக்குக் கீழே. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அவர் வரைந்த அம்புக்குறிகள், வளாகத்தின் நடுவிலிருந்த பிள்ளையாரை இடமாகச் சுற்றவைத்தன. கிரிவலம் போயே வளர்ந்த கால்கள் எங்களுடையவை. நானும் என் நண்பனும் ஒன்பதாவது கூடையில் தொடங்கி ஒன்றாவதுக்கு ஆடினோம். ஒரே வாரத்தில் கல்லூரியே அப்படி ஆடியது. அம்புக்குறியை நம்பி வந்த மாஸ்டருக்கு மட்டும் எல்லாத் தட்டும் எதிரே பறந்து வந்தது.

"ஏன்டா ராங் சைடுல வர்றீங்க?" என்றார்.

"நாங்க வலமாதான் சார் வர்றோம். நீங்கதான் சாமியை இடமா சுத்தறீங்க" என்றேன், ரொம்பப் பணிவாக.

மனுஷன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளே அம்புக்குறிகளைத் திருப்பி வரைந்தார். நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு வீசிய வரைக்கும் தட்டு ஜன்னலுக்குப் பக்கவாட்டில்தான் போகும். இப்போது ஆறாவதிலிருந்து ஐந்தாவதுக்கு வீசினால் நேராக ஜன்னலுக்குத்தான்.

கண்ணாடி உடைந்த அன்று முதல்வர் கூப்பிட்டுக் கத்தினார். மாஸ்டர் அசையவில்லை.

"மாத்தினா சாமி குத்தம் ஆயிடும் சார். நீங்க வேணும்னா ஜன்னலை மாத்திக்கோங்க."