சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று நினைத்தேன்

மூன்று வருடங்களுக்கு முன், கொழும்பு வெள்ளவத்தையில் இப்போது நாங்கள் இருக்கும் இதே ஃபிளாட்டில் நடந்தது இது. என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரியவந்து, அது வேறு எங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கப் போயிருந்தோம். எனக்கு எதையும் கேட்டுத் துருவாமல் இருக்க முடியாது. என்ன ஊசி போடுகிறீர்கள் என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். சீனி மாதிரி ஒரு மருந்து, கட்டி அதை மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இழுக்கும், அதனால் படத்தில் வெளிச்சமாகத் தெரியும் என்றார் அவர். நல்லவேளை, சந்தேகப்படும்படியான வெளிச்சம் மார்பில் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் இருந்தது.

ஆனால் என் மூளைக்குள்ளும் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. கட்டி சீனியைத்தான் தின்கிறது என்றால் சீனியை நிறுத்தினால் முடிந்ததே! வட்ஸ்அப்பில் மச்சான்மார் அனுப்பியதும் அதையேதான் சொன்னது. புறக்கோட்டையில் வயரும் பல்பும் விற்கிறவன் நான், அன்றோடு வைத்தியனாகிவிட்டேன்.

சீனிப் போத்தல், பனங்கட்டி எல்லாம் வெளியே போயின. பிறகு சோறும் மாவுச்சத்து, மாவுச்சத்தும் சீனிதான் என்று வாசித்தேன். சோறு, இடியப்பம், வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது எங்கள் ஆட்களின் பழக்கமில்லையே. திராட்சை, பிஸ்கட், மால்ட் மா டின் என்று கொண்டுவருவார்கள். கதவடியிலேயே வாங்கி மேல்மாடிக்காரருக்குக் கொடுத்துவிடுவேன். அவளுக்குக் கிடைத்தது பாகற்காய்ச் சாறும் அவித்த கீரையும் முட்டை வெள்ளையும். அதற்குள் தொடங்கியிருந்த கீமோ மருந்தால் ஏற்கனவே வாய் கசந்துபோயிருந்தவள், ஒரு வார்த்தை பேசாமல் குடித்தாள். எனக்கோ நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மூன்றாவது கீமோவுக்குப் போனபோது நிறை பார்த்தார்கள். ஆறு கிலோ குறைந்திருந்தது. இரத்தமும் போதாது, இந்த நிலையில் மருந்து ஏற்ற முடியாது என்று டொக்டர் திகதியைத் தள்ளிவைத்தார். என்ன சாப்பிடுகிறா என்று கேட்டார். நான் பெருமையாக என் வைத்தியத்தை விளக்கினேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கட்டி சீனியை இழுக்கும், அது சரிதான். ஆனா இவட மூளையும் இதயமும் அதைத்தான் எடுக்குது. சாப்பாடு குடுக்காட்டி உடம்பு தன்ர தசையைக் கரைச்சுச் சீனி செய்யும். கட்டி அதில தனக்கு வேண்டியதை எடுக்கும். பட்டினி கிடக்கிறது இவதான், கட்டி இல்ல."

அதற்காக ஒவ்வொரு நாளும் சோடாவும் கேக்கும் கொடுக்கச் சொல்லவில்லை, அளவுக்கு மிஞ்சிக் கொழுப்பதும் கூடாது, ஆனால் இவவுக்கு இப்போது சோறும் மீனும் பருப்பும் வேணும் என்றார். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பார்கள். எனக்கு ஆயிரம் பேர் தேவைப்படவில்லை. இருந்த ஒருத்தியே போதுமாக இருந்தாள்.

திரும்பும் வழியில், காலிக்குப் போகும் பெருவீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இடியப்பமும் சொதியும் கேட்டாள். மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். இவ்வளவு பசியோடு இருந்தும் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒரு வாய் சோறு திண்டு, பிறகு கட்டி வளர்ந்தா, நான் திண்டதாலதான் எண்டு நீங்க நினைப்பீங்களோ எண்டு பயந்தனான்" என்றாள்.

கடை என்றும் பார்க்காமல் அழுதேன். அவள்தான் தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

இரண்டு கிழமையில் நிறை ஏறியது, கீமோ திரும்பத் தொடங்கியது. பிறகு ஒப்பரேஷனும் நடந்தது. கடைசியாக எடுத்த ஸ்கேனில் சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னபோது, அத்தனை மாதமும் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டேன். அவளுக்கு அந்த நோய் எதனால் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அவள் சாப்பிடவே பயந்தது என்னால்தான் என்பது தெரியும். அந்தப் பட்டினி அவளைக் கொண்டுபோகமுன் டொக்டர் என்னைத் தடுத்தாரே என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு ஆறுகிறது.