பதினோராவது வாத்தியம்: சைக்கிள் பெல்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் என்னை இதய நோயாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருடமாக. வாரத்துக்கு இரண்டு முறையாவது பென் டிரைவோடு போய், ஐந்து கோடும் அதன்மேல் ஏறி இறங்கும் புள்ளிகளுமாக இருபது முப்பது பக்கம் அச்செடுத்து வருவேன். கடைக்காரர் பக்கங்களை அடுக்கி, ஓரம் தட்டி, என் முகத்தைப் பார்க்காமல் பின் அடித்துக் கொடுப்பார். படி இறங்கும்போது "பாத்து மேடம், மெதுவா" என்பார். சென்னையில் இத்தனை கனிவா என்று மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். கடைசியில் ஒரு நாள் அவரே தாங்காமல் கேட்டார்: "இன்னா மேடம், ஈசிஜி இன்னும் இப்டியே மேலயும் கீழயும் போய்க்கினு கீது? வேற டாக்டராண்ட காட்டக் கூடாதா?"

"அலாமாக்!" என்றேன். அதிர்ச்சி வந்தால் எனக்கு மலாய்தான் முதலில் வரும். அவர் அதை நெஞ்சுவலி என்று எடுத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கிள்ளானில் இதைப் படிக்கும் உங்களுக்கு என் பிழைப்பு தெரியும். அங்கே பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்த, பிள்ளைகள் மலாயில் 'சிக்கு' (டீச்சர்) என்று கூப்பிட்ட மல்லிகா நான். துறைமுக வேலைக்கு வந்த சென்னைக்காரர் தயாளனைக் கட்டிக்கொண்டேன். இருபது வருடம் அங்கே குப்பை கொட்டிவிட்டு, ஆறு வருடத்துக்கு முன் அவர் ஊருக்கே வந்து சேர்ந்தோம். என் கொள்ளுத்தாத்தா இதே ஊரில் கப்பலேறிப் போனவர். அவர் தேடிப்போன சோறு அங்கே கிடைத்தது. நான் எதைத் தேடி வந்தேன் என்று கேட்டால் தயாளன்தான் பதில் சொல்ல வேண்டும். வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் ஓர் இணையதளம் தொடங்கினேன். தாலாட்டு, கும்மி, காவடிச் சிந்து, முறையாக அனுமதி வாங்கிய சில சினிமாப் பாட்டுகள் எல்லாவற்றையும் வயலினுக்கும் பியானோவுக்கும் பேண்டுக்கும் ஏற்ற மாதிரி இசைக்குறிப்பாக எழுதிப் போடுவேன். வேண்டியவர்கள் தரவிறக்கி, அச்செடுத்து, வாசித்துக்கொள்ளலாம். எடுப்பவர்கள் கிள்ளான், சிங்கப்பூர், லண்டன், டொரோண்டோ பிள்ளைகள். சென்னையிலிருந்து ஒருவர்கூட எடுத்ததில்லை.

ஏனென்றால் இங்கே காதுதான் எல்லாம். ஒருவர் பாடுவார், இன்னொருவர் பிடித்துக்கொள்வார், வேலை முடிந்தது. எதிர் வீட்டு மாமி என் தாளை ஒரு நாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "நன்னாத்தான் போட்டிருக்கே. ஆனா இதப் பாத்துண்டே பாடினா பாட்டு எப்படிம்மா உள்ள போகும்?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாள் இல்லாமல் வாத்தியத்தைத் தொட்டால் புறங்கையில் ஒன்று வைக்கிற அப்பாவுக்குப் பிறந்தவள் நான். புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுரம், அதற்குமேல் பேச்சில்லை என்று வளர்ந்தவள்.

அப்பா எங்கள் ஊர் பேண்டில் யூஃபோனியம் வாசித்தார். தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொள்வதுபோல் தூக்கிப் பிடிக்கிற பெரிய பித்தளை வாத்தியம் அது. வாழ்நாளில் ஒரே ஒரு மெட்டுதான் சொந்தமாகப் போட்டார், என் கல்யாணத்துக்கு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது. முன்பாதி மிடுக்கான நடைப் பாட்டு. கடைசி எட்டே எட்டு அளவில், அதாவது எட்டுத் தாளக் கட்டத்தில், அது அப்படியே இளகி, என்னைத் தூங்கவைக்க அவர் முனகும் பழைய தாலாட்டில் போய் இறங்கும். கிள்ளான் கோயில் மண்டபத்தில் நான் மாலையோடு நுழைந்தபோது அப்பா முன்பாதியை ஜமாய்த்தார். தாலாட்டு வந்ததும் உதடு நடுங்கிவிட்டது. அழுகிற உதட்டால் ஊத முடியாது. கூட இருந்தவர்கள் முடித்து வைத்தார்கள். "விடுலா, பேத்தி கல்யாணத்துக்குக் கடைசி வரைக்கும் நானே வாசிக்கிறேன்" என்றார் மறுநாள். பேத்திக்கு மாப்பிள்ளை அமைவதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார்.

அதனால் மகள் பவித்ராவின் கல்யாணம் நிச்சயமானபோது நகையோ புடவையோ எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பாவின் மெட்டு வாசிக்கப்பட வேண்டும், அதுவும் கடைசி எட்டு அளவு முழுதாக. அவ்வளவுதான் கேட்டேன். பத்து வாத்தியத்துக்குப் பத்துத் தனித்தாளாக எழுதி என் தளத்தில் ஏற்றினேன். ஒரு மாதம் பிடித்தது. தயாளன், "மல்லி, சமையல்காரரப் பாத்தியா?" என்று கேட்டபோதெல்லாம், "ட்ரம்பெட் இன்னும் முடியலங்க" என்றேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் டயர் கடைக்கு மாடியில் இருந்தது கரீம் பாயின் பேண்டு செட். கரீம் பாய் கிளாரினெட்; வயது அறுபதுக்குமேல், தொப்பி முதல் ஷூ வரை வெள்ளை. நான் போன உடனே டீ வரவழைத்தார்.

"உங்க ஆளுங்க நோட்ஸ் படிப்பாங்களா பாய்?" என்றேன்.

"எல்லாம் படிச்ச ஆளுங்கதான் மேடம். சைடு டிரம் அடிக்கிறவன் பி.காம்."

"அதில்ல, பேப்பரப் பாத்து வாசிப்பாங்களான்னு..."

"பேப்பரா? தாராளமா அனுப்புங்க. வாட்ஸப்புல தட்டி வுடுங்க, நான் பாத்துக்குறேன். நீங்க கவலியே படாதீங்க."

ஒத்திகை எப்போது என்று கேட்டதற்கு, "ஒத்திகையா? நாங்க இன்னா டிராமாவா போடறோம்?" என்று சிரித்தார். ஆனாலும் தளத்தின் இணைப்பை அனுப்பினேன். நான்காம் நாள் கரீம் பாயிடமிருந்து ஒரு படம் வந்தது. பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொரு வாத்தியத்திலும் துணிக் கிளிப்பால் ஒரு தாள் மாட்டியிருக்கிறது, அதுவும் லேமினேஷன் செய்து! வெளிச்சம் பட்டுப் பளபளத்ததில் எழுத்து எதுவும் தெரியவில்லை. தெரியவா வேண்டும்? நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். எதிர் வீட்டு மாமியிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். சென்னையைத் திருத்திவிட்டோம் என்ற திமிர்தான், வேறென்ன?

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை, மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். இரண்டு தெரு தள்ளிப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முதலில் பெரிய டிரம். பிறகு வந்தது அப்பாவின் மெட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு புள்ளி பிசகவில்லை. எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று நான் குறித்திருந்தேனோ அங்கே எடுத்தார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. பாட்டு ஏறி, ஏறி, தாலாட்டின் வாசலில் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

டிங்.

மறுபடி முதலிலிருந்து.

ஏதோ தடங்கல் என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் அதே இடத்தில் டிங், மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் முறை, முன்னால் ஆடிக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் கையைத் தூக்கிக் கோரஸாக "டிங்!" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஐயோ, அது என் டிங்! தளத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் நாற்பது நொடி மாதிரி ஒலி வைத்திருக்கிறேன். யாரும் ஓசியில் முழுதும் கேட்டுவிடக் கூடாது என்று பாட்டை நடுவில் வெட்டி, ஒரு மணியடித்து நிறுத்திவிடும். அதை அப்படி அமைத்த புத்திசாலி நானேதான்.

ஆரத்தித் தட்டைத் தயாளன் கையில் திணித்துவிட்டு, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். "பொண்ணோட அம்மா எங்க ஓடுறாங்க?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டது காதில் விழுந்தது. பேண்டுக்குள் புகுந்து முதலில் கிளாரினெட் தாளைப் பார்த்தேன். பிறகு ட்ரம்பெட், பிறகு சாக்ஸஃபோன். பத்துப் பேர் எதிரிலும் ஒரே பக்கம். சுரம் ஒன்றுகூட இல்லாத முகப்புப் பக்கம். கொட்டை எழுத்தில் "இதை நகலெடுக்கக் கூடாது" என்று நான் போட்டிருந்ததைப் பத்து நகல் எடுத்து, தண்ணீர் பட்டாலும் அழியாதபடி லேமினேஷன் செய்திருந்தார்கள்.

"பாய்! மீதி எங்க?" என்று டிரம் சத்தத்துக்குமேல் கத்தினேன்.

"இன்னா மீதி?"

"பாட்டு இன்னும் முடியல பாய்!"

"நீங்க அனுப்புனதுல அவ்ளோதான் மேடம் கீது. பெல்லடிச்சு நின்னுடுது." அவர் முகம் வாடிவிட்டது. "ஒண்ணுகூட மாத்தல மேடம். அம்பது தபா கேட்டு அப்டியே புட்ச்சோம். அந்தப் பெல்லுக்கே ரெண்டு நாள் அலஞ்சோம், தெரிமா?" என்று பெரிய டிரம்மைக் காட்டினார். அதன் விளிம்பில் பளபளவென்று ஒரு சைக்கிள் பெல் முடுக்கியிருந்தது.

"அப்ப இந்தப் பேப்பர் எதுக்கு?"

"நீங்க ஆசையா அனுப்பிகீறீங்க. வெச்சுக்கலன்னா உங்க மனசு கஷ்டப்படும்ல?"

இந்த மனிதரை நான் என்ன சொல்லித் திட்டுவது? மண்டப வாசல் இன்னும் நூறடிதான். அங்கே போனதும் நாதஸ்வரம் ஆரம்பித்துவிடும். அப்பா இந்தக் கல்யாணத்துக்கும் பாதியில்தான் நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். "எங்கப்பா போட்ட பாட்டு பாய். அவரு செத்துட்டாரு. அந்தக் கடைசி மட்டும் எனக்கு வேணும்" என்று நடுத்தெருவில் அழுதேவிட்டேன்.

கரீம் பாய் கையைத் தூக்கினார். டிரம் மட்டும் மெல்ல நடை போட, மற்றவர்கள் நிறுத்தினார்கள். குனிந்து காதை என்னிடம் கொடுத்தார். "பாடுங்க."

நான் பாடகி இல்லை. வகுப்பில்கூடப் பியானோவைத் தட்டித்தான் காட்டுவேன். போதாக்குறைக்குச் சம்பந்தி நேர் எதிரில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். ஆனது ஆகட்டும் என்று பாடினேன், ஆராரோ ஆரிரரோ என்று எட்டு அளவும். பாதியிலேயே கரீம் பாயின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதா? இது நம்ம தாலாட்டாச்சே மேடம்! எங்கம்மா பாடிக்கினே இருப்பாங்க. இதுக்கா இம்மாம் பேப்பரு? மொதல்லயே வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

அவர் கிளாரினெட்டை எடுத்து ஊதினார். ஒன்பது பேரும் பின்னாலேயே போனார்கள். முன்பாதி ஏறியது, தாலாட்டின் வாசலுக்கு வந்தது, உள்ளே போனது. அப்பா, கடைசி வரைக்கும். ஒரே ஒரு வித்தியாசம். அப்பாவின் தாலாட்டு கடைசியில் கீழே இறங்கி அடங்கும். கரீம் பாயின் அம்மா பாடியது மேலே ஏறி நிற்குமாம், அவரும் அப்படியே ஏற்றி நிறுத்தினார். சிவப்புப் பேனாக்காரியான நான் அதைத் திருத்த நினைக்கவில்லை. அழுதுகொண்டே நின்றேன். எல்லாம் ஓய்ந்து தெருவே அமைதியான அந்தக் கணத்தில், பெரிய டிரம்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அரை நொடி யோசித்துவிட்டு அடித்தார், டிங்.

அழுத வாயோடு சிரித்துவிட்டேன். உள்ளே மணப்பெண் அறையில் பவித்ரா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா பாட்டு முடிஞ்சதும் ஏம்மா யாரோ சைக்கிள்ல போனாங்க?"

யாரோ எடுத்த வீடியோ கிள்ளானுக்குப் போனது. ஒரு வாரத்தில் அப்பாவின் பழைய பேண்டிலிருந்து செய்தி வந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு இதே பாட்டு வேண்டும், "அந்த மணியோடதான் வேணும்லா" என்று. என்ன செய்வது, உட்கார்ந்து பதினோராவது தாள் ஒன்று எழுதினேன். தலைப்பில் "சைக்கிள் பெல்" என்று போட்டு, அடிக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். கடைசி எட்டு அளவை அப்பா எழுதியபடியே இறங்கவிட்டேன். அது அவர் பேண்டு, அவர் பேச்சுத்தான் அங்கே செல்லும். முகப்புப் பக்கத்தை மறக்காமல் நீக்கினேன்.

நேற்று அவர்கள் வாசித்த வீடியோ வந்தது. காலையில் அடுப்படியில் நின்று போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். பதினோரு பேரும் தாளைப் பார்த்து, ஒரு புள்ளி பிசகாமல் வாசித்தார்கள். தாலாட்டு கீழே இறங்கியது. என் தொண்டை, நான் சொல்லாமலே, கரீம் பாய் வாசித்தபடி மேலே ஏறியது. கிள்ளானில் மணி நான் எழுதிய இடத்தில் சரியாக அடித்தது. அது போதவில்லை எனக்கு. இன்னும் எதற்கோ கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த தயாளன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், அன்றைக்குப் பெரிய டிரம்காரர் அடித்த மாதிரியே அரை நொடி தாமதமாக, டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்புறம்தான் என்னால் அடுப்பை அணைக்க முடிந்தது.