நான் விட்டுவிட்ட வாக்கியம்

இடுப்பு வலியோடு ஆறு வருடம் மாநகர சபையில் கிளார்க் வேலை பார்த்த பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரியில் நடக்கும் புதன்கிழமைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். தீராத வலிக்காரர்கள் பத்துப் பேர். சிங்கள டொக்டரம்மா கண்களை மூடச் சொல்லி, கால் விரலிலிருந்து கழுத்து வரை ஒவ்வோர் இடமாகத் தளர்த்திவிடக் கற்றுக்கொடுப்பார்.

அடுத்த கதிரையில் ஹேவாஹெட்ட தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் இருப்பார். கூடை சுமந்து சுமந்து கழுத்து திரும்பாது. அவருக்குச் சிங்களம் சரியாக வராததால் டொக்டர் சொல்வதை நான்தான் தமிழில் சொல்லுவேன்.

வகுப்பு தொடங்கி மூன்றாம் கிழமை அக்காவின் கணவரும் வந்தார். அவருக்கும் சிங்களம் வராது. டொக்டர் அவருக்கு நிதானமாக விளக்கினார்: எலும்பில் பழுதில்லை, ஆனால் வலி உண்மையானது, பயமும் கவலையும் அதைக் கூட்டும், அதனால் மனதுக்கும் பயிற்சி வேண்டும், கொஞ்ச நாள் கூடை தூக்கக் கூடாது. நின்றுகொண்டே கேட்டதில் எனக்கு இடுப்பு கடுத்தது. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"மனசு பயப்படுறதாலதான் வலி கூடுதாம். மனசைச் சரி பண்ணணுமாம்" என்றேன்.

"அப்ப கழுத்துல ஒண்ணும் இல்லையா?"

"எலும்புல ஒண்ணும் இல்லையாம்."

அவர் மனைவியிடம் திரும்பினார். "கேட்டியா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் அக்கா வகுப்புக்கு வரவில்லை. எனக்குப் பயிற்சி பலன் தந்தது. வலி போகவில்லை, ஆனாலும் ஒரு மணித்தியாலம் உட்கார முடிந்தது.

நாலைந்து மாதம் கழித்து பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். என் பக்கம் பார்க்க முழு உடம்பையும் திருப்பினார்.

"மறுபடி கூடையோட மலைக்குப் போறேன் தம்பி. வலிக்குதுன்னா, மனசுதானேன்னு எல்லாரும் சொல்றாங்க. டொக்டர் அப்பிடியா சொன்னாங்க?"

"இல்லக்கா. வலி உண்மைன்னுதான் முதல்ல சொன்னாங்க. கூடை தூக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க. நான் அதையெல்லாம் விட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. "அத அவருகிட்ட சொல்லுங்க" என்றார்.

தண்ணீர் போத்தலோடு வந்த கணவரிடம் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறி மனைவிக்கு இடம் பிடித்தார். அக்காவின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இருவரும் நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார்கள். பஸ் புறப்பட்டது.