மஞ்சள் புள்ளி விழுந்த தட்டுகள்

எண்பதுகளின் நடுப்பகுதி. காரிமங்கலத்தில் குடியிருந்துகொண்டு, தருமபுரியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கடற்பஞ்சு. பாறையில் ஒட்டி வாழும் அந்த உயிரிலிருந்து, நோய்க்கிருமிகளைத் தடுக்கும் வேதிப்பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். விடுமுறைதோறும் மண்டபம் கடற்கரைக்குச் சென்று, கடற்பஞ்சை ஐஸ் பெட்டியில் அடைத்துப் பேருந்தில் கொண்டுவருவேன்.

"கடலே இல்லாத சீமையில கருவாட்டு நாத்தம் அடிக்கிற வூடு நம்முது ஒண்ணுதாங்க" என்பாள் என் மனைவி.

கல்லூரியில் கிருமிநீக்கும் கருவி பழுதாகிக் கிடந்தது. ஆகவே, கிருமி வளர்த்துச் சோதிக்கப் பயன்படுத்திய கண்ணாடித் தட்டுகளை வீட்டுக்கு எடுத்துவருவேன். அதற்கென ஒதுக்கிய பழைய இட்லிப் பானையில் அவற்றை அவித்துக் கழுவுவது அவள் வேலையாயிற்று.

இரண்டாண்டுகள் கழிந்தன. கடற்பஞ்சின் சாறு ஒரு முறை கிருமியைத் தடுக்கும், மறுமுறை தடுக்காது. அந்தக் கோடைக்குள் முடிவு காட்டாவிட்டால் ஆய்வைக் கைவிட வேண்டும் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். கடற்பஞ்சுத் துண்டிலிருந்து தட்டில் பரவும் பாக்டீரியாவை வெறும் அழுக்கென்று எண்ணி, அத்தட்டுகளைப் பாராமலே ஒதுக்கிவந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, பானையில் இடவிருந்த தட்டொன்றை அவள் என்னிடம் நீட்டினாள்.

"ஏங்க, மஞ்சப் புள்ளி விழுந்த தட்டுல மட்டும் பூசணம் அதுங்கிட்டயே போக மாட்டேங்குதே, ஏன்?"

வாங்கிப் பார்த்தேன். தட்டெங்கும் நான் சோதனைக்கு வளர்த்த வெண்பூஞ்சை, மஞ்சள் புள்ளியைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறுமை. 

"எத்தன நாளா பாக்கற?"

"மொதல்ல இருந்தேதாங்க. படிச்சவங்க, தெரிஞ்சுதான் தூக்கிப் போடறீங்கன்னு இருந்துட்டேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எப்பங்க கேட்டீங்க?"

அடுப்பருகே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாண்டுத் தட்டுகள் அந்தப் பானையில் வெந்திருந்தன.

அந்தத் தட்டு மட்டும் பானைக்குள் போகவில்லை. நான் அழுக்கென்று ஒதுக்கிய பாக்டீரியாதான் அந்த மஞ்சள் புள்ளி; அதைத் தனியே வளர்த்தேன். கடற்பஞ்சே இல்லாமல், நான் தேடிய பொருளை அது சுரந்தது. பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நெறியாளருக்கும், கடலில் மூழ்கி எடுத்துத் தந்த மீனவர்களுக்கும், கல்லூரி உதவியாளருக்கும் நன்றி எழுதினேன்.

"எல்லாத்துக்கும் நன்றி சொல்லிட்டு இட்லிப் பானைய உட்டுட்டீங்களே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சென்ற மாதம் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு ஆய்வேட்டின் அந்த நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. பக்கத்திலேயே இருந்தவளைக் கேட்காமலும், அறிந்த பின் அவளைச் சொல்லாமலும் விட்டதை நினைத்தபடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.